தக்காளித் தோட்டத்து ஓநாய்

மாரண்டஹள்ளி தாண்டியதும் பஸ் பஞ்சராகி நிற்கிறது. சாலையோரத் தக்காளித் தோட்டத்தின் கோடியில் ஒரு நாய் சொட்டுநீர்க் குழாயை நக்கிக்கொண்டிருக்கிறது. நாயா அது? நெட்டைக் கால்கள், தொங்கும் வால், மஞ்சள் கண்கள். ஐயோ, ஓநாய்! என் வாழ்நாளில் முதல் ஓநாய்! அவசர அவசரமாகப் போனை எடுத்துப் படம் பிடிக்கிறேன்.

தக்காளி பறிக்கும் அக்கா நிமிரக்கூட இல்லை.

“நாலு மாசமா வருதுங்க. எங்கப்பன் காலத்துல இருந்துச்சாம். நாங்க இப்பத்தான் பாக்கறோம்.”

“பயமா இல்லீங்களா?”

“எங்களை ஒண்ணும் பண்ணலீங்க. ரெண்டு ஆட்டுக்குட்டியத்தான் தூக்கிட்டுப் போயிருச்சு.” மண்கட்டி ஒன்றை எடுத்து வீசுகிறார். “ஏய், பைப்பக் கடிக்காத!”

ஓநாய் நிதானமாக நகர்கிறது.

“இப்ப ஆட்டையெல்லாம் எங்க கட்டறீங்க?”

“வூட்டுக்குள்ளதாங்க. நாங்க வாசல்ல படுத்துக்கறோம்.”