எந்த டார்ச் சார் நல்லது?

தீயைக் கக்கும் கேஸ் டார்ச் வியாபாரத்தில் ஒரு வசதி உண்டு, வாங்குகிறவர் பற்ற வைத்துப் பார்க்காமலேயே கடையை விட்டுப் போய்விடுவார். ஒரு கஷ்டமும் உண்டு, பற்ற வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்.

திண்டிவனத்தில் வெல்டிங் சாமான் விற்கும் கடையில் பதினோரு வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன். அதற்கு முன்னால் விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேட்டி விற்றுக்கொண்டிருந்தேன். வேட்டியைப் பற்றி நான் சொன்ன பொய் எதுவும் யாரையும் சுட்டதில்லை. கவுண்டருக்குப் பின்னால் நின்று, தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிப் பிழைக்கும் என் இனத்தாரே, நீங்களாவது சிரிக்காமல் கேளுங்கள்.

அட்டையில் போட்டிருந்தது

சேர்ந்த புதிது. மயிலம் பக்கத்திலிருந்து ஏழுமலை என்ற விவசாயி வந்தார். டிராக்டர் கலப்பையில் ஒரு இரும்புப் பட்டை வளைந்துவிட்டதாம். அதை வெட்டி எடுக்க வேண்டும், கொல்லைக்கே தூக்கிப் போகிற மாதிரி சின்னதாக ஒரு டார்ச் வேண்டும் என்றார். டின் கேஸில் மாட்டும் கையடக்க டார்ச்சை எடுத்து வைத்தேன். அட்டைப் பெட்டியில் ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தீப்பொறி பறக்க எதையோ அறுத்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தைத் தவிர எனக்கு வேறு ஆதாரம் கிடையாது. “இத வச்சிப் பாலத்தையே அறுக்கலாம் சார்” என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

மூன்றாம் நாள் வந்தார். இரண்டு டின் கேஸ் காலி. இரும்பு கறுத்ததோடு சரி, அறுபடவில்லை. எங்கள் கடையில் பில் போடும் செல்வி எட்டிப் பார்த்து, “இது வெறும் காத்துல எரியறது சார். ஃப்ரிட்ஜ் செம்பு பைப்ப சூடேத்தி ஒட்டத்தான் ஆவும். இரும்பு அறுக்கணும்னா கூட ஆக்ஸிஜன் சிலிண்டர் வேணும்” என்றார். கவுண்டரில் நின்ற நிபுணரான நான் அதை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேள்விப்பட்டேன். ஏழுமலை கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. டார்ச்சைக் கவுண்டரில் வைத்துவிட்டுச் சொன்னார்: “சும்மா சொல்லக் கூடாது சார், இதுல மல்லாக்கொட்ட வறுத்தேன், நல்லா வறுபட்டுது. அத்த ஏன் அட்டையில போடாம உட்டுட்டான்?”

அரைப் புருவம்

இனிமேல் பெட்டியை நம்புவதில்லை, வாடிக்கையாளர் கண் முன்னால் பற்ற வைத்தே காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த முடிவின் முதல் பலி, நான்.

இரும்பை கிராமத்திலிருந்து ராணி என்ற அம்மா வந்திருந்தார். ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் செய்கிறவர். அது எனக்குத் தெரியாது. வீட்டுக்காரருக்கு வாங்க வந்திருக்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டு, பாடம் நடத்த ஆரம்பித்தேன். டார்ச்சைப் பற்ற வைத்தேன். நீல நிறத்தில் அழகாக எரிந்தது. “எப்படி வேணாலும் புடிக்கலாம்மா, பாருங்க” என்று ஸ்டைலாகத் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒரு முழ நீளத்துக்கு மஞ்சள் நெருப்பு புஸ்ஸென்று எழுந்தது. கடை முழுக்க முடி கருகிய நாற்றம். அது என்னுடைய வலது புருவத்தில் பாதி என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

ராணியம்மா பதறாமல் கையை நீட்டி டார்ச்சின் குமிழைத் திருகி அணைத்தார். பற்ற வைத்த உடனே கவிழ்த்தால் டின்னுக்குள் தண்ணீராக இருக்கும் கேஸ் அப்படியே வெளியே வரும், கொஞ்ச நேரம் நிமிர்த்திப் பிடித்துச் சூடேறிய பிறகுதான் சாய்க்க வேண்டும் என்று எனக்கு விளக்கினார். இரண்டு டார்ச் வாங்கவும் செய்தார். பிறகு ஒரு மாதம் என் மனைவியின் மை பென்சிலால் புருவம் வரைந்துகொண்டு கடைக்கு வந்தேன். ராணியம்மா படி இறங்கும்போது செல்வியிடம் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது: “டார்ச்சு நல்லாத்தாம்மா இருக்குது, அத்த காட்டறதுக்கு மட்டும் வேற ஆள வச்சிக்கச் சொல்லு.”

கடல் காற்று

பொம்மையார்பாளையத்தில் கலியபெருமாள் என்று ஒரு மீனவர். போட் இன்ஜினில் செம்பு பைப் அடிக்கடி விரிசல் விடுகிறது, கரையிலேயே வைத்துச் சூடேற்றி ஒட்ட டார்ச் வேண்டும் என்றார். இந்த முறை நான் தெளிவு. செம்புக்கு டின் கேஸ் போதும், ஆக்ஸிஜன் வேண்டாம். ஊசி மாதிரி மெல்லிய தீ வருகிற, சட்டைப்பையில் அடங்குகிற டார்ச்சாகப் பார்த்துக் கொடுத்தேன். முதல்முறையாகச் சரியாக விற்றுவிட்ட பெருமையில் அன்றைக்கு மத்தியானம் ஒரு பிடி சோறு கூடவே சாப்பிட்டேன்.

மறுநாள் போன். “பத்திக்கினு நிக்க மாட்டேங்குது சார். நாளைக்குக் கடலுக்குப் போவணும், ஜல்தி வாங்க.” அகலமான முனை வைத்த இன்னொரு டார்ச்சை எடுத்துக்கொண்டு பைக்கில் போனேன். கரையில் இறங்கியதும் என் தலைமுடியே ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டது. அந்தக் காற்றில் ஊசித் தீ எப்படி நிற்கும்? புது டார்ச்சும் தடுமாறியது. கடைசியில் நான் வேட்டியின் இரண்டு முனைகளையும் விரித்துப் பிடித்துக் காற்றுக்கு முதுகு காட்டிக் குத்துக்கால் போட்டு உட்கார, அந்த மறைவில் அவர் பைப்பை ஒட்டி முடித்தார். மீன் வாங்க வந்த பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். வேலை முடிந்ததும் கலியபெருமாள் சொன்னார்: “கடையில ஃபேனப் போட்டு ஒருதபா பாத்திருந்தா, இம்மாந்தூரம் வந்து வேட்டியப் புடிச்சிக்கினு ஒக்கார வேணாமே சார்.”

கன்றுக்குட்டி

போன வருடம் ஒரு நாள் காலை, பிரம்மதேசத்திலிருந்து அஞ்சலை என்ற அம்மா அழுதுகொண்டே போன் செய்தார். அவர் வீட்டு இரும்பு கேட்டின் கம்பிகளுக்கு நடுவில் கன்றுக்குட்டி தலையை விட்டுக்கொண்டதாம். எண்ணெய் தடவியும் வரவில்லை. “கம்பிய அறுக்கற மிஷின் எடுத்துக்கினு வாங்க சாமி, நாக்கு தள்ளுது.”

இரும்பு, கம்பி, அறுக்க வேண்டும். எனக்கு இப்போது விடை தெரியும். சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர், கேஸ் சிலிண்டர், கட்டிங் டார்ச் எல்லாவற்றையும் லோடு ஆட்டோவில் ஏற்றினேன். செல்வியும் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் எனக்குப் பாதி பயம், பாதி பெருமை.

கன்றின் பின்னங்கால்கள் வழுக்கிக்கொண்டிருந்தன. கழுத்தில் பாரம் விழாமல் இருக்க அஞ்சலை அதன் வயிற்றைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றார். அவர் புடவை முழுக்கச் சாணம். நான் அவசரமாக மாட்டிப் பற்ற வைத்தேன். தீயைப் பார்த்ததும் கன்று துள்ளியது, கேட்டே ஆடியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அறுக்க வேண்டிய கம்பி அதன் கழுத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கம்பி சூடேறினால் முதலில் வேகப்போவது அதன் தோல். தீப்பொறி பறந்தால் அஞ்சலையின் முகம். இரண்டு அடி பின்னால் நகர்ந்தேன். அதுவரை பத்து வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் சொல்லாத வார்த்தை வாயில் வந்தது: “எனக்குத் தெரியலம்மா.”

செல்வி சுற்றும் முற்றும் பார்த்தார். பக்கத்தில் டிராக்டர் நின்றது. “ஜாக்கி இருக்குதா?” என்றார். வண்டியைத் தூக்கும் குட்டி ஜாக்கி ஒன்றைக் கம்பிகளுக்கு நடுவே படுக்க வைத்துத் திருகத் திருக, கம்பிகள் மெதுவாக விலகின. கன்று தலையை உருவிக்கொண்டு தாயிடம் ஓடி மடியை முட்டியது. அஞ்சலை அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார், அழுதார். பிறகு என்னைப் பார்த்தார். “அந்த நெருப்ப அணைச்சிட்டு வாங்க, மோர் குடிக்கலாம். கன்னுக்குட்டிய விட நீங்கதான் அதிகமா நடுங்கிக்கினு இருக்கீங்க.”

திரும்பும் வழியில்

ஆட்டோவில் செல்வியிடம் மனம் விட்டுக் கேட்டேன், ஜாக்கியை விடு, டார்ச்சைப் பற்றி உனக்கு மட்டும் எப்படி இத்தனை தெரிகிறது என்று. யாராவது உறவுக்காரர் வெல்டராக இருப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்துச் சொன்னார்: “ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் ஒரு சின்ன புஸ்தகம் இருக்குமே சார், அத நீங்க இத்தினி வருஷத்துல ஒருதபா கூடப் பிரிச்சதே இல்லியா?”

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், டார்ச்சைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை, அதை விற்கிறவனைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.