பீரோவுக்குள் ஹால் டிக்கெட்

கல்லூரி ஸ்டோரில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே ஸ்டோர் அதிகாரி பீரோ சாவியைக் கையில் கொடுத்துச் சொன்னார்: "ஸ்லைடு ரூலைச் சும்மா நம்பிக் குடுத்துராதீங்க. அவங்களால விட முடியாத ஒண்ணை ஈடா வாங்கி வைங்க. அப்பத்தான் திரும்பி வரும்."

எழுபதுகளின் நடுப்பகுதி. பாலக்காட்டை ஒட்டிய எங்கள் கல்லூரியில் கணக்குப் போட ஸ்லைடு ரூல்தான். ஒரு அளவுகோலுக்குள் இன்னொன்று நகரும். பெருக்கல், வகுத்தல் எல்லாம் அதிலேயே பார்க்கலாம். சொந்தமாக வாங்க முடியாத மாணவர்களுக்கு இரவல் கொடுப்போம். அடையாள அட்டையை ஈடாக வாங்கிப் பீரோவில் பூட்டிவிடுவேன். நான்கு வருடத்தில் ஒன்றுகூடத் தொலையவில்லை என்று எனக்குத் தலைக்கனம் வேறு.

ஒரு பரீட்சைக்கு முந்தைய நாள் சாயங்காலம் ஸ்லைடு ரூல் கேட்டுச் சிவகாமி வந்தாள். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவளுடைய அடையாள அட்டை தொலைந்துபோயிருந்தது.

"ஏனுங்க சார், கையெழுத்துப் போட்டுத் தர்றனுங்க. ஊட்டுல கணக்குப் போட்டுப் பழகோணும். நாளைக்குப் பரீட்சைக்கும் வேணுமுங்க."

"ஈடு இல்லாம ஆகாது. ஹால் டிக்கெட் இருக்குதா?"

"ஐயோ, அது இல்லாம உள்ளயே உட மாட்டாங்களே சார்!"

"ஒன்பதரைக்குத்தான பரீட்சை? நான் ஒன்பதுக்கே வந்துருவேன். வாங்கிக்க."

அரை மனதாகத்தான் கொடுத்தாள். நான் பூட்டிவிட்டுப் போய்விட்டேன்.

மறுநாள் கொல்லங்கோட்டிலிருந்து நான் வந்த பஸ் பாதி வழியில் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்றில்லை. மணி ஒன்பது. சாவி என் இடுப்பில். டூப்ளிகேட் சாவி? அது அதே பீரோவுக்குள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்! அரை மணிக்கு மேல் தாமதமானால் ஹாலுக்குள் விட மாட்டார்கள். அவளுக்கு ஒரு வருடம் போய்விடும். நடு ரோட்டில் நின்று ஒரு செங்கல் லாரியை மறித்து ஏறினேன்.

கல்லூரிக்குள் ஓடியபோது பத்தாக ஆறு நிமிடம். ஸ்லைடு ரூலை மார்போடு பிடித்துக்கொண்டு ஸ்டோர் வாசலில் நின்றிருந்தாள். ஹால் சூப்பிரண்டிடம் அழுது கேட்டும் விடவில்லையாம். அவசரத்தில் பீரோச் சாவி துவாரத்தில் நுழையவே இல்லை. அவளே பிடுங்கித் திறந்தாள். டிக்கெட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

உள்ளே விட்டுவிட்டார்கள் என்று அட்டெண்டர் வந்து சொன்ன பிறகும் எனக்கு டீ இறங்கவில்லை.

பரீட்சை முடிந்ததும் வந்து ஸ்லைடு ரூலை மேசையில் வைத்தாள்.

"எப்படிம்மா எழுதுன?"

"ரெண்டு கணக்குக்கு நேரம் பத்தலீங்க. பாஸாயிருவனுங்க."

"தப்பு என்னுதும்மா. மன்னிச்சுக்க."

அவள் ஸ்லைடு ரூலை என் பக்கம் நகர்த்தினாள். "பொருள் வந்து சேந்துச்சுன்னு ஒரு சீட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்" என்றாள்.

"ரிஜிஸ்டர்ல எழுதிட்டனே."

"அது உங்க பீரோவுலதானுங்க இருக்கும்? எங்கிட்டயும் ஒண்ணு இருக்கட்டுமுங்க."

எழுதிக் கொடுத்தேன். என்னை நம்பாமல் அத்தாட்சி கேட்கிறாள்; நான் ஈடு கேட்டபோது அவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அந்தக் கையெழுத்தைப் போடும்போதுதான் உறைத்தது. கூசிப்போனேன்.

மறுநாள் முதல் வெறும் கையெழுத்துக்குத்தான் இரவல். "தொலைஞ்சா?" என்று அதிகாரி குதித்தார். "நான் பதில் சொல்லிக்கறனுங்க" என்றேன்.

ஸ்டோர் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பொருளைப் பூட்டி வையுங்கள். அதை வாங்க வருகிறவரின் பரீட்சையைப் பூட்டி வைக்காதீர்கள்.