பூட்டு வரல

தோள்பையை இறக்காமலே மெஹ்னாஸ் கணினியைத் தட்டி எழுப்புகிறாள். நேற்று எடுத்த நகலும் அசலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா என்று மெஷின் ஒப்பிட்டு முடிக்கும்வரை அவள் உட்காருவதில்லை. "இன்னா தோஸ்து, நல்லாக்கீறியா?" என்று திரையிடம் விசாரிப்பாள்.

திருவொற்றியூரில், ரயில் போனால் ஜன்னல் கம்பி அதிர்கிற மாடியில் இருக்கிறது அந்தப் பெண்கள் உதவி மையம். வீட்டில் அடிபட்டு வெளியேறியவர்களின் வாக்குமூலங்களும், அவர்கள் இப்போது தங்கியிருக்கும் முகவரிகளும் அங்கேதான் பத்திரமாக இருக்கின்றன. கணினிகளுக்குப் பொறுப்பு மெஹ்னாஸ். கடற்காற்றின் பிசுபிசுப்பையும் கரித்தூளையும் பழைய துப்பட்டாத் துணியால் துடைத்தபடி, "கலீஜ்" என்று முணுமுணுப்பாள்.

ஒருமுறை ஒரு மருத்துவச் சான்றிதழின் நகலைத் திறந்தாள். மேல்பாதி ஒழுங்காக இருந்தது. கீழ்பாதி முழுக்க வெறும் சாம்பல் நிறம். கோப்பின் பெயர், தேதி, அளவு எதுவும் மாறவில்லை. நல்லவேளை, அசல் கெடவில்லை. அன்று பிடித்தது இந்தச் சந்தேகம். நாத்தனார் மகள் நிக்காஹ்வில் புகைப்படக்காரரைப் பந்தியிலேயே மடக்கி, "காப்பி எடுத்தீங்க, சரி. தொறந்து பாத்தீங்களா பாய்?" என்று கேட்டவள் அவள்.

போன மழைக்காலத்தில் மையத்தின் சர்வர் செத்துப்போனது. நகலிலிருந்து எல்லாவற்றையும் மீட்டாள். ஒரு கோப்புகூடக் கெடவில்லை. வழக்கறிஞர் ஆலிஸ் கைதட்டியே விட்டார்.

அப்போது வருபவர்களைப் பதிவு செய்யும் முன்மேசையிலிருந்து எபினேசர் குரல் கொடுத்தான். "அக்கா, என் சிஸ்டத்துல இன்னாவோ புது ஃபோல்டர்லாம் கீது?"

மெஹ்னாஸ் ஓடிப்போய் சர்வரின் நெட்வொர்க் வயரைப் பிடுங்கினாள்.

"எல்லாம் வந்துடுச்சுன்னு சொன்னியே?" என்றார் ஆலிஸ்.

"வந்துச்சு மேடம். பூட்டு வரல."

நகல் வைத்திருந்த டிஸ்க் கோப்புகளை மட்டும்தான் காப்பாற்றியிருந்தது. எதை யார் திறக்கலாம் என்ற விவரம் அதில் ஏறவே இல்லை. ஆலிஸ் மட்டும் பார்க்க வேண்டியவை எல்லாம் இப்போது எல்லோருக்கும் திறந்து கிடந்தன. எண்ணூரிலிருந்து தப்பி வந்த செங்கொடியின் புது முகவரியும் அதில் இருந்தது. அவள் கணவன் எபினேசரின் தெருக்காரன்.

"தொறந்தியா நைனா?"

"பேரைத்தான் பாத்தேன்க்கா. தொறக்கல. அவன் டெய்லி வந்து, எங்க கீறா, எங்க கீறான்னு கேட்டுகினே கீறான். எனக்குத் தெரியாம இருந்தாதான் தெரியாதுன்னு சொல்ல முடியும்."

மெஹ்னாஸ் அவன் தோளில் லேசாகத் தட்டினாள். பிறகு ஒவ்வொரு ஃபோல்டராக உட்கார்ந்து அனுமதிகளை மறுபடி போட்டாள். நகல் எடுக்கும் முறையையும் மாற்றினாள். இனி பூட்டும் சேர்ந்தே நகலாகும். வயரைச் செருகிவிட்டு எபினேசரையே திறந்து பார்க்கச் சொன்னாள்.

"வுட மாட்டேங்குதுக்கா!" என்று அவன் சிரித்தான். அவள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

செங்கொடியின் ஃபோல்டர் இன்னும் திரையில் இருந்தது. திறக்கக்கூடியவர்கள் என்ற இடத்தில் இரண்டே பெயர்கள்: ஆலிஸ், மெஹ்னாஸ்.

"அதான் முடிஞ்சுதே, கெளம்பு" என்றார் ஆலிஸ்.

"ஒரு நிமிஷம் மேடம்" என்ற மெஹ்னாஸ், அம்புக்குறியைத் தன் பெயர்மீது கொண்டுபோய் வைத்து, அழித்தாள்.