நான் எடுத்துவிட்ட டிக்

நான் எழுதிய புரோகிராம் பக்கத்து கம்ப்யூட்டருக்குப் போய் ஓடும் என்று நம்பினேன். சிரிக்காதீர்கள், காரணம் இருந்தது. புரோகிராமை எழுதி அங்கேயே ஓட்டிப் பார்க்கும் சாஃப்ட்வேர் அது. அதன் செட்டிங்கில் ஒரு கட்டம்: ‘தனி ப்ராசஸில் ஓட்டவா?’ அதில் டிக் போட்டே இருக்கும். நாங்கள் படித்த திருப்பாதிரிப்புலியூர் கம்ப்யூட்டர் சென்டரில் நான் பிரிண்ட் கொடுத்தால், தாள் மச்சான் உட்காரும் மூலையில் போய் விழும். ‘தனி’ என்றால் பக்கத்து கம்ப்யூட்டர், இதுவும் அப்படித்தான் என்று முடிவு கட்டினேன்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. எங்கள் வீட்டிலேயே சாப்பாடு. தனியார் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் வாத்தியார் வேலை காலியாக, இருவரும் கேட்டோம். சென்டர் கோர்ஸின் பிராக்டிகல் தேர்வில் மார்க் யாருக்கு ஜாஸ்தியோ அவருக்கு வேலை என்றார் தாளாளர். அன்று முதல் ஒரே குழம்பை ஆளுக்கொரு சுவரைப் பார்த்துச் சாப்பிட்டோம்.

சிதம்பரத்தில் தேர்வு. பஸ்ஸில் அவன் முன்வாசல், நான் பின்வாசல். லேபில் பாழாய்ப்போன இரண்டு சீட்டும் பக்கத்துப் பக்கத்தில்.

“மாமா, ஏசிலயே இப்புடி வேர்க்குது ஒங்களுக்கு!”

“ஒன் மானிட்டர பாருடா.”

எழுதி முடித்தேன். ஓட்டினால் இவன் திரைக்குப் போய்விடுமே! செட்டிங்கைத் திறந்து டிக்கை எடுத்தேன். வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிய நிம்மதி. ரன் கொடுத்தேன். திரை அப்படியே நின்றது. எதைத் தட்டினாலும் பதில் இல்லை.

நாற்பதைத் தாண்டிய மனிதன், எழுந்து நின்று கத்தினேன்: “மேடம்! இவன் என் ஒயர புடுங்கிட்டான்!”

மச்சான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். “ஒயர புடுங்குனா ஸ்கிரீன் எரியுமா மாமா? இருங்க, அக்காகிட்ட சொல்றேன்.”

மேற்பார்வை பார்த்த மேடம் மேசைக்கு அடியில் குனிந்து நிமிர்ந்தார். “ஒயரு எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. சவுண்டு போடாதீங்க சார். சேவ் பண்ணீங்களா?”

பண்ணவில்லை. சேவ் செய்தால் அதுவும் அவனிடம் போய்விடும் என்று வைத்திருந்தேன்.

நடந்தது இதுதான். டிக் இருந்திருந்தால் புரோகிராம் என் கம்ப்யூட்டரிலேயே தனியாக ஓடியிருக்கும். அதை மட்டும் நிறுத்தியிருக்கலாம். டிக்கை எடுத்ததால் அந்த சாஃப்ட்வேருக்குள்ளேயே ஓடியது. நான் எழுதிய லூப்புக்கு, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்கு, முடிவே இல்லை; சாஃப்ட்வேரும் அதோடு மாட்டிக்கொண்டது. மேடம் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். எழுதியது அத்தனையும் போய்விட்டது. நான் ஃபெயில். வேலைக்கு மச்சான் போனான்.