குளோரி கடல் என்ற பெயர்

மீன் விற்கிறவளுக்கு இவ்வளவு அருவருப்பு ஆகாது என்று குளோரியை எல்லோரும் கேலி செய்வார்கள். கடியப்பட்டணம் கரையில் ஏலம் எடுத்து, ஆட்டோவில் ஏற்றி, திங்கள்சந்தையில் கொண்டுபோய் விற்கிறவள். நாள் முழுக்கச் செதிலும் குடலும்தான் கையில். ஆனால் பக்கத்தில் இருந்த வியாபாரி பழைய சாளை மீனில் மருந்து தெளித்து, இப்போது வந்த மீன் என்று விற்றதைப் பார்த்த அன்று, ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். மீனின் வாடையில் அவளுக்கு ஒன்றும் இல்லை. ஏமாற்றைக் கண்டால்தான் குடல் புரளும்.

கணவர் ஏசுஅடிமை விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மகள் அபினா நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள். மூத்தவன் பெனின் ஓட்டல் படிப்புக்காக லண்டன் போய் அங்கேயே வேலைக்கு நின்றுவிட்டான்.

பெனின் பெண் வேடம் கட்டுவது குளோரிக்குப் புதிதல்ல. பள்ளியில் படிக்கும்போதே கோயில் திருவிழா நாடகத்தில் ராணியாக வருவான். அவள்தான் சேலை உடுத்திப் பின் குத்தி விடுவாள். ஊர் கைதட்டும். லண்டனில் ஒரு மதுவிடுதி மேடையில் சனிக்கிழமைதோறும் அப்படி ஆடுகிறேன் என்று வீடியோ காலில் அவன் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவள் திரையை உற்றுப் பார்த்தாள்.

“கொசுவம் சரியா விழல மக்கா. யாருலே உடுத்து விட்டது?”

அவன் அழுதுவிட்டான். எதற்கு அழுகிறான் என்று அப்போது அவளுக்குப் புரியவில்லை. அவனுக்குப் பெண் பார்க்க வேண்டாம், அவன் மனசு பெண்கள் பக்கம் போகாது என்று பிறகு அபினாதான் எடுத்துச் சொன்னாள். குளோரி சில நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் கல்யாணப் பேச்சை விட்டாள். மகனை விடவில்லை.

மேடைக்கு அவன் வைத்துக்கொண்ட பெயர் குளோரி கடல். தன் பெயர் சீமையில் விளக்கு வெளிச்சத்தில் எழுதப்பட்டிருப்பதைப் படமாகப் பார்த்ததில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

பிறகுதான் அந்தப் போட்டி வந்தது. பல நாடுகளிலிருந்து பெண் வேடம் கட்டும் ஆண்களைக் கூட்டிவந்து, வாரம் ஒரு பரீட்சை வைத்து, தோற்றவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பும் தொலைக்காட்சிப் போட்டி. பெனினைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அபினாவின் போனில் வாராவாரம் வரும். ஒரு வாரம் அவன் வலையைக் கிழித்துத் தைத்த பாவாடையில் நடந்தான். இன்னொரு வாரம் சோழியால் செய்த கிரீடம் வைத்து ஆடினான். குளோரி சோற்றைப் பிசைந்தபடி வாய் பிளந்து பார்த்தாள்.

ஊரில் விஷயம் பரவியது. ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் சிஜோ கரையில் அவளை மறித்துப் போனை நீட்டினான்.

“மாமி, இது ஒங்க பெனின்தானே? சீ, பாக்கவே அறப்பா இருக்கு. ஊருக்கே கேவலம்.”

“அறப்பா இருந்தா எதுக்குலே போனுல சேத்து வச்சிருக்க? நாடகத்துல ராணியா வந்தப்போ விசிலடிச்சவன்தானே நீ?”

ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமி பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அதையே தொட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். குளோரி பாதிப் பிரசங்கத்திலேயே எழுந்து வெளியே வந்து, கொடிமரத்துப் பக்கம் மணலில் துப்பினாள்.

இதெல்லாம் அவளால் தாங்க முடிந்தது. ஊர்தானே.

அடுத்த வாரத்துப் பரீட்சை வேறு மாதிரி. சொந்த வாழ்க்கையிலிருந்து ஒருவரைப் போல நடித்து நடுவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். அபினா அதை மத்தியானம் வீட்டில் போட்டபோது ஏசுஅடிமையும் கூட இருந்தார்.

பெனின் வந்தான். கசங்கிய சேலையை முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகியிருந்தான். தலையில் அலுமினியப் பாத்திரம், அதில் ரப்பர் மீன்கள். இடுப்பில் பஞ்சு வைத்துப் பெரிதாக்கியிருந்தான். வாயில் வெற்றிலைச் சாயம். குளோரி வெற்றிலை போட்டதே கிடையாது.

“இதுதான் எங்க அம்மா,” என்று அவன் ஆங்கிலத்தில் சொன்னதை அபினா மெதுவாகத் தமிழில் சொன்னாள்.

பிறகு அவன் ஒரு பேருந்தில் ஏறுவதுபோல நடித்தான். கற்பனைக் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். இறங்கு, இறங்கு என்று விரட்டுகிறார். இவன் இறங்க மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரப்பர் மீனால் கண்டக்டரை அடித்து, கெட்ட வார்த்தை சொல்லி, கடைசியில் ரோட்டில் விழுந்து புரள்கிறான். சேலை மேலே ஏறுகிறது. நடுவர்களில் ஒருத்தி சிரிப்புத் தாங்காமல் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். இன்னொருவர் கண்ணைத் துடைத்தார். அந்த வாரம் வென்றவன் பெனின்தான்.

அது நடந்த விஷயம். பெனின் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, மீன் விற்றுவிட்டு அவனையும் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு அவள் பேருந்தில் ஏறினாள். காலிப் பாத்திரம்தான், கழுவியதுதான். நாறுகிறது, இறங்கு என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கண்டக்டர் கத்தினார். அவள் யாரையும் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. பேசாமல் இறங்கி, மகன் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தாள். அவள் அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து அவனும் அழுதான்.

ஏசுஅடிமை தொடையைத் தட்டிச் சிரித்தார். “பய கொள்ளாம் கேட்டியா! நடையெல்லாம் ஒன்ன மாதிரியேதான் இருக்கு.”

குளோரி கணவரைப் பார்த்தாள். சிரிப்பில் அவருடைய பற்கள் தெரிந்தன. அந்தப் பற்களைக்கூட அவளால் பார்க்க முடியவில்லை. எழுந்துபோய்ப் பின்பக்கக் குழாயில் முகத்தைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். உடம்பெல்லாம் எதையோ பூசிவிட்ட மாதிரி இருந்தது.

சாயங்காலம் பெனின் கூப்பிட்டான்.

“அம்மா, பாத்தியா? இஞ்ச எல்லாருக்கும் ஒன்னத்தான் பிடிச்சிருக்கு. நீ ஹீரோன்னு எழுதுதாவ.”

“அந்த பஸ்ஸு ஒனக்கு ஓர்ம இருக்காலே?”

“இருக்கும்மா. அதாக்கும் நான் செய்தேன். அந்த வேதனைய சிரிப்பா மாத்தணும், கேட்டியா.”

“வேதன எனக்க வேதன. அத நீ எதுக்கு மாத்துத? என்னைய எறக்கி விட்டவன் மூக்கப் பொத்துனான். நீ ஊரு ஒலகத்தையே மூக்கப் பொத்த வச்சிட்ட.”

“அப்படி இல்லம்மா...”

அவள் போனை அபினாவிடம் கொடுத்துவிட்டாள்.

பெனின் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டான். போட்டி நடத்துகிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு வாழ்த்துச் செய்தி வேண்டும் என்று கொச்சியிலிருந்து ஆட்களை அனுப்பினார்கள். மலையாளம் கலந்த தமிழ் பேசும் ஒரு பெண், கேமராக்காரர் இருவர். ஒருவர் காரிலிருந்து இறங்கும்போதே மூக்குக்குக் கீழே தைலம் தடவிக்கொண்டார். அவர்களே சந்தையிலிருந்து ஒரு சூரை மீன் வாங்கி வந்திருந்தார்கள்.

“சேச்சி, இதக் கையில பிடிச்சோங்க. பழைய சாரி ஏதாவது உண்டா? இது ரொம்பப் புதுசா இருக்கு.”

குளோரி கோயிலுக்குக் கட்டும் சேலையில் இருந்தாள். மீனை வாங்கிச் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். வெளுத்துப் போயிருந்தது; பழைய மீன். அப்படியே பூனைக்குப் போட்டாள்.

“சரி, மீன் வேண்டாம். பெனினை வீட்ட விட்டு எறக்கி விட்டீங்கல்ல, அதுக்கு வருத்தப்பட்டு, இப்போ ஏத்துக்கிட்டேன்னு சொல்லணும். கரச்சில் வந்தா நல்லது, கொஞ்சம் அழுங்க.”

“யாரு யார எறக்கி விட்டது?”

அந்தப் பெண் விழித்தாள். “அவரே ஷோ ஆளுங்ககிட்ட சொன்னாரே, வீட்டுக்குப் போக முடியாதுன்னு.”

குளோரிக்கு நாக்கு கசந்தது. அவர்களைத் துரத்திவிடத்தான் நினைத்தாள். ஆனால் மகனிடம் சொல்ல வேண்டியது இருந்தது; போனில் சொன்னால் அவன் குறுக்கே பேசுவான். கேமராவைப் பார்த்து நேராக உட்கார்ந்தாள்.

“மக்கா, நீ சேல உடுத்ததுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஒன்ன நான் எறக்கி விடவும் இல்ல, அது ஒனக்குத் தெரியும். நீ என்னைய வச்சுச் சிரிக்க வச்சியே, அது எனக்கு அருவருப்பா இருந்தது. ஒனக்க மொகத்தப் பாக்கப் பிடிக்கல. பொய் சொல்லி ஜெயிக்காத. அவ்வளவுதான்.”

கேமராக்காரர்களுக்கு அவள் பேச்சு புரிந்ததா என்று தெரியவில்லை. அந்தப் பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

இறுதிச் சுற்று வந்தது. மேடையின் பெரிய திரையில் குளோரியின் முகம் தெரிந்தது. பின்னால் வயலின் இசை. அவள் குரல் அப்படியேதான் இருந்தது. கீழே ஆங்கில எழுத்து ஓடியது. அபினா வாசித்துவிட்டு வாயைப் பொத்தினாள்.

“என்னடி போட்டிருக்கான்?”

“உன்னைத் துரத்தியதற்கு மன்னித்துவிடு மகனே, நீதான் என் பெருமைன்னு.”

திரைக்கு முன்னால் கூட்டம் அழுதது. நடுவர்கள் நெஞ்சில் கை வைத்தார்கள். அந்த அரங்கத்தில் தமிழ் தெரிந்தவன் பெனின் ஒருவன்தான். பொன்னிறச் சேலையில் நின்றிருந்த அவன் முகத்தில் பூச்சையும் மீறி நிறம் மாறியதைக் குளோரி கண்டாள். அவன் கேட்டுவிட்டான். ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டான்.

தொகுப்பாளர் மைக்கை நீட்டினார். பெனின் மைக்கை வாங்கினான். பிறகு ஆங்கிலத்தில், “நன்றி அம்மா, நானும் உன்னை நேசிக்கிறேன்,” என்றான்.

குளோரி அபினாவின் கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அவனுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. மறுநாள் அவன் கூப்பிட்டபோது அவள் வாழ்த்தும் சொல்லவில்லை, கோபப்படவும் இல்லை.

“நான் சொன்னது கேட்டியா?”

“கேட்டேம்மா.”

“பொறவு ஏன் சொல்லல, எழுதுனது பொய்யின்னு?”

“அந்த நேரத்துல எப்படிம்மா சொல்லது? எல்லாம் போயிரும். வீட்டுக்குப் போவ முடியாதாமேன்னு கேட்டாவ, ஆமான்னு தலையாட்டிட்டேன். அதுக்குப் பொறவு நிறுத்த முடியல.”

“சரி. நீ வேஷம் கட்டு. ஆடு. ஒனக்க வாழ்க்கைய நீ வாழு. எனக்க பேர மட்டும் விட்ரு.”

அவன் அழுதான். இந்த முறை எதற்கு என்று அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை. அடுத்த மாதம் வந்த விளம்பரத்தில் அவன் பெயர் வேறாக இருந்தது.

ஊர் அதைத் தன் போக்கில் புரிந்துகொண்டது. பூசை முடிந்து வரும்போது பங்குச் சாமி நிறுத்திப் பேசினார். “நல்ல காரியம் செய்தீங்க. அந்த அசிங்கத்துக்கு உங்க பேர் எதுக்கு?”

சிஜோவும் பக்கத்தில் நின்று தலையாட்டினான். இவர்கள் தன்னைத் தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் குமட்டலாக இருந்தது.

“சாமி, அவன் சேல உடுத்தது அசிங்கம் இல்ல. நான் கோவப்பட்டது வேற. அது எனக்கும் எனக்க மொவனுக்கும் உள்ளது. நீங்க அதுல சந்தோசப்படாதீங்க.”

சொல்லிவிட்டு நடந்தாள்.

பெனின் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறான். அப்பாவிடம் நெடுநேரம் பேசுகிறான். குளோரியிடம் வந்தால் மழை உண்டா, அயலை மீனு கிடைக்குதா, அவ்வளவுதான். அவளும் பதில் சொல்கிறாள். பேருந்துக் காட்சியை இப்போது நடிப்பதில்லை என்று அவன் சொல்லியிருக்கிறான். அபினா அவனுடைய புதிய ஆட்டத்தைப் போட்டுக் காட்ட வந்தால், “பொறவு பாக்கேன், கையில மீனு,” என்கிறாள். இதுவரை பார்க்கவில்லை.