ரிஜிஸ்டர் ஆச்சு, கல்யாணம் தையில்

1. டெல்லியிலிருந்து போன்

கஸ்தூரியம்மா சிரித்துக்கொண்டே எங்கள் ஆபீஸ் மாடி ஏறி வந்தார். விசாவுக்கு ஃபைல் போட்டிருக்கும் வீட்டார் அழுதுகொண்டு வந்தால் சமாளித்துவிடலாம். சிரித்துக்கொண்டு வந்தால் எதையோ செய்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"மேடம், டெல்லிலருந்து போன் வந்துச்சு. விசா ஆபீசு. தமிழ் தெரிஞ்ச ஆள வச்சே பேசினாங்க. நித்யா கம்பெனிக்குப் பூட்டா. நானே எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேன்."

"என்ன கேட்டாங்க?"

"பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னாங்க. இன்னும் இல்லீங்க, தையிலதான், மண்டபம் சொல்லிக்கீறோம்னேன். மாமியார் ஊட்ல கீறாளான்னாங்க. தாலி கட்டாம எப்பிடிங்க அனுப்பறது, எங்கூட்லதான் கீறான்னேன்."

நான் ஃபைலை எடுத்துத் திறந்தேன். அவர் மகள் நித்யாவுக்கு நாங்கள் போட்டிருந்தது கனடாவுக்கு மனைவி விசா. கணவன் தினேஷ் அங்கே நிரந்தரமாகத் தங்க பி.ஆர். வாங்கியவன், அவன்தான் ஸ்பான்ஸர். ஃபாரத்தில் 'திருமணமானவர்' என்று இருக்கிறது, மேரேஜ் சர்டிஃபிகேட் வைத்திருக்கிறோம். பெற்ற தாய் போனில், கல்யாணமே ஆகவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "இன்னா மேடம்? நீங்கதான படிச்சுப் படிச்சு சொன்னீங்க, யார் கேட்டாலும் உண்மைய மட்டும் சொல்லுங்கன்னு?"

சொன்னேன்தான்.

2. ஆடியில் வந்த மாப்பிள்ளை

கும்மிடிப்பூண்டியில் ஒரு மருந்துக் கடை மாடியில் எங்கள் ஆபீஸ். டிக்கெட், பாஸ்போர்ட், விசா, எல்லா டாக்குமென்ட் வேலையும் பார்ப்போம். ஓனர் ரஹீம் பாய், பழவேற்காட்டுக்காரர். நான் அங்கே இருபது வருஷத்துக்கு மேல் ஃபேமிலி விசா சீட்டில் உட்கார்ந்திருந்தேன். இப்போது அந்த மாதிரி சீட்டில் உட்காரும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எந்த ஃபாரம் எங்கே கிடைக்கும் என்பதை நீங்களே தேடிக்கொள்வீர்கள். நான் சொல்வது வேறு.

தினேஷ் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சி.என்.சி. ஆபரேட்டராக இருந்துவிட்டுக் கனடா போனவன். மீஞ்சூரில் பெண் பார்த்து முடித்தபோது அவனுக்குக் கிடைத்த லீவு ஆனி கடைசியிலிருந்து ஆடி முடியும் வரை. ஆனியில் நாள் இல்லை, ஆடியில் யாரும் தாலி கட்ட மாட்டார்கள். அடுத்த தையில் அவனுக்கு லீவு கிடைக்காது. அதற்கு அடுத்த தையில்தான் முடியும். ஒன்றரை வருஷம் சும்மா போய்விடும் என்று இரண்டு வீட்டாரும் பேசி, ரிஜிஸ்டர் மட்டும் இப்போது செய்துகொண்டு விசா வேலையை நகர்த்துவது என்று முடிவு செய்தார்கள்.

இந்தப் பக்கம் இது சகஜம். இதில் நடக்கும் தப்பும் சகஜம். நடக்காத கல்யாணத்துக்குக் கோயிலில் ரசீது வாங்கி, நடந்ததாகச் சொல்லி ரிஜிஸ்டர் செய்வார்கள். அந்தக் காகிதம் பின்னால் கழுத்தை நெரிக்கும். நான் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்டில் போங்கள் என்றேன். ஒரு மாதம் முன்னால் நோட்டீஸ், மூன்று சாட்சி, ஆபீசர் முன்னால் உறுதிமொழி. அதில் கையெழுத்துப் போடுவதே கல்யாணம், தனியாகச் சடங்கு வேண்டாம். அப்படியே ஆடியில் நடந்தது.

அன்றைக்குக் கஸ்தூரியம்மாவிடம் ஒருத்தர், ஆடியில் போய் இதைச் செய்கிறீர்களே என்று கேட்டாராம். "கையெழுத்துக்கு இன்னா ஆடி, ஆவணி?" என்று இவர் சொல்லியிருக்கிறார். அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார், நானும் சிரித்தேன்.

ஃபாரத்தில் எப்போதும் எடுக்கக்கூடிய போன் நம்பர் ஒன்று வேண்டும். நித்யா வேலை பார்க்கும் கம்பெனியில் செல்போனை கேட்டிலேயே வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள், ஷிஃப்ட் முடிந்துதான் கைக்கு வரும். அதனால் அம்மா நம்பரைக் கொடுத்தோம். போன் சரியாக எடுக்கப்பட்டது.

3. மாலை போட்ட போட்டோ

சில நாளில் டெல்லியிலிருந்து லெட்டர் வந்தது. ரிஜெக்ட் இல்லை. ரிஜெக்ட் செய்வதற்கு முன், உங்கள் பதில் என்ன என்று கேட்கும் லெட்டர். எங்கள் தொழிலில் பி.எஃப்.எல். என்போம். கல்யாணம் உண்மையானதாகத் தெரியவில்லை, தவறான தகவல் தந்திருப்பதாகச் சந்தேகிக்கிறோம், விளக்கம் தரவும் என்று இருந்தது. தவறான தகவல் என்று முடிவு செய்துவிட்டால் விசா போவது மட்டுமில்லை, அந்தப் பெண் ஐந்து வருஷம் கனடா பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

நித்யா ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்து லெட்டரைப் படித்தாள். அம்மாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டு, "இப்ப என்ன மேடம் பண்றது?" என்று மட்டும் கேட்டாள்.

தினேஷ் வாட்ஸ்அப்பில் கத்தினான். "மேடம், நிச்சயதார்த்த போட்டோல மாலை போட்டுக்கினுதான நிக்கறோம்? அதையே கல்யாண போட்டோன்னு வச்சிடுங்க. அத்தைக்குக் காது சரியா கேக்காதுன்னு டாக்டர்கிட்ட ஒரு சர்டிஃபிகேட் வாங்கிடலாம்."

பயந்தவன் புத்தி அப்படித்தான் போகும். இவனைக் குற்றம் சொல்ல மாட்டேன், படித்த மனிதர்கள் இதைவிடக் கேவலமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த இடத்தில்தான் ஃபைல்கள் சாகும். அதுவரை அங்கே இருந்தது ஒரு குழப்பம். நிச்சயதார்த்த போட்டோவைக் கல்யாணம் என்று அனுப்பினால் அதுவே மோசடி.

"தினேஷ், உங்க அத்தை பொய் சொல்லல. நீயும் சொல்லாத. என்ன நடந்துதோ அதையே எழுதுவோம்" என்றேன்.

தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, அதை அந்த ஆபீசருக்கு எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ரஹீம் பாயிடம் போய் உட்கார்ந்தேன். அவர் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"எங்கள்ல கையெழுத்துதாம்மா கல்யாணம். நிக்காஹ்ல ரெண்டு பேரும் சம்மதம் சொல்லி, கையெழுத்து போட்டா முடிஞ்சுது. விருந்து, அனுப்பி வைக்கறது எல்லாம் பின்னாடி கூட வச்சுக்குவாங்க. உங்க ஆளுங்களுக்குக் கையெழுத்து கணக்கில்ல. அந்த ஆபீசருக்கு இது தெரியுமா? யாராச்சும் சொன்னாத்தான தெரியும்? அதயே எழுதும்மா."

அதைத்தான் எழுதினேன். ஆடியில் எங்கள் பக்கம் ஏன் கல்யாணம் செய்வதில்லை, தினேஷின் லீவு எந்த மாதத்தில் வந்தது, ரிஜிஸ்டர் எந்த ஆக்ட்டில் நடந்தது, தாலி கட்டும்வரை பெண் ஏன் தாய் வீட்டில் இருக்கிறாள், எல்லாவற்றையும் ஒன்றின் பின் ஒன்றாக. கூடவே தினேஷ் கம்பெனியின் லீவு லெட்டர், அந்த போன் வருவதற்கு முன்பே தைக்கு மண்டபம் புக் செய்த ரசீது, நித்யா தன் பி.எஃப். நாமினியாகக் கணவன் பெயரைப் போட்ட ஃபாரம், இருவரும் பேசிய கால் லிஸ்ட். நிச்சயதார்த்த போட்டோவையும் வைத்தேன், 'நிச்சயதார்த்தம்' என்று பெரிதாக எழுதி.

ஒன்று பாக்கி இருந்தது. போனில் பேசிய தாயே தன் பதிலை விளக்கி அஃபிடவிட் தர வேண்டும்.

4. கஸ்தூரியம்மா போடாத கையெழுத்து

"என் மகளுக்குத் திருமணம் நடந்துவிட்டது" என்று டைப் செய்து வைத்திருந்ததைப் படித்துக் காட்டினேன். கஸ்தூரியம்மா பேனாவைத் தொடவில்லை.

"போட மாட்டேன் மேடம்."

"ஏம்மா? உங்க பொண்ணு விசா இதுலதான் இருக்கு."

"அவன் நல்ல பையன்தான். நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஒண்ணர வருசம் அங்க கீறான். மனசு மாறிப் பூட்டான்னா? தைக்கு வர்லன்னா? கல்யாணம் ஆயிடுச்சுன்னு நானே கையெழுத்து போட்டுட்டு, தாலியும் இல்லாம, புருசனும் இல்லாம என் பொண்ணு இன்னான்னு நிப்பா? நாளைக்கு வேற எடத்துல குடுக்கணும்னாலும் கோர்ட்டுக்குத்தான போவணும்?"

நித்யா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "அம்மா, நான் போட்ட கையெழுத்துலயே அதெல்லாம் ஆயிடுச்சும்மா" என்றாள் மெதுவாக.

"நீ போட்ட. நான் போடலல்ல?"

எனக்குக் கோபம் வந்தது. லெட்டரில் கொடுத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது, இந்த அம்மா வீண் பிடிவாதம் பிடிக்கிறார் என்று. கீழே இறங்கிப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். டீ குடிக்கும்போதுதான் உறைத்தது, அவர் பயப்படுவதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்று. தினேஷ் வருவான் என்று நான் உத்தரவாதம் தர முடியுமா? என் சீட்டில் உட்கார்ந்து அப்படி வராமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

திரும்ப வந்து பேப்பரைக் கிழித்துப் போட்டேன். "நீங்க எப்பிடிச் சொல்வீங்களோ அப்பிடியே சொல்லுங்கம்மா. அதையே எழுதறேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். "சட்டப்படி ஆயிடுச்சு. எங்க வழக்கப்படி இன்னும் ஆவல, தையில ஆவும். ரெண்டும் நெஜம். போன்ல நான் சொன்னது எங்க வழக்கத்த. இப்பிடி எழுதுங்க, போடறேன்."

அப்படியே தமிழில் எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்து வாங்கி, மொழிபெயர்ப்போடு அனுப்பினேன். இத்தனை வருஷத்தில் நான் டிராஃப்ட் செய்த எந்த அஃபிடவிட்டும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

5. காத்திருந்த மாதங்கள்

பதில் அனுப்பிய பிறகு எங்களால் செய்ய முடிவது ஒன்றுமில்லை. அதுதான் இந்த வேலையில் பெரிய பேஜாரு. வாடிக்கையாளர் தினம் போன் செய்வார், தினம் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். நான் காலையில் ஆபீஸ் திறந்ததும் முதலில் மெயிலைத் திறப்பேன். ஒன்றும் இல்லை என்றால் ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் திகில்.

கஸ்தூரியம்மா தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தாலே நடுங்க ஆரம்பித்தார். ஒருநாள் லோன் வேண்டுமா என்று எவனோ கூப்பிட்டிருக்கிறான். அவன் வாயைத் திறப்பதற்குள் இவர், "ஆயிடுச்சுங்க, சட்டப்படி ஆயிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டாராம். நித்யா இதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள்.

ரிஜிஸ்டர் ஆன மறு வருஷம் கார்த்திகையில், பாஸ்போர்ட் அனுப்பச் சொல்லி மெயில் வந்தது. அப்படிச் சொன்னால் விசா முடிந்தது என்று பொருள். நான் ஆபீசில் சத்தமாகக் கத்திவிட்டேன். ரஹீம் பாய் எல்லோருக்கும் டீ சொன்னார்.

6. விசா வந்த பிறகு

ஃபைலை மூடிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். விசா கைக்கு வந்த வாரம் மூன்று பேரும் என் மேஜையில் இருந்தார்கள். தினேஷ் போனில்.

"மேடம், டிக்கெட் ரேட்டெல்லாம் ஏறிக்கினே போவுது. விசா வந்துடுச்சு. நான் ஒருக்கா வந்து, மண்டபம், சாப்பாடுன்னு எதுக்கு? லீவும் கஷ்டம்றாங்க. இந்த மாசமே அவள அனுப்பிடுங்க. இங்க கோயில் கீது, இங்கயே தாலி கட்டிக்கறேன்."

கஸ்தூரியம்மா, "இன்னாப்பா தினேசு, தைக்கு வர்றேன்னுதான சொன்ன?" என்றார்.

"அத்த, நீங்களே சட்டப்படி கல்யாணம் ஆயிடுச்சுன்னு கையெழுத்து போட்டுக் குடுத்துக்கீறீங்க. அப்பறம் இன்னா?"

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. செலவைப் பார்த்தான், அவ்வளவுதான். ஆனால் கஸ்தூரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கையெழுத்து வாங்கியது நான்தானே.

நித்யா மேஜையிலிருந்து போனை எடுத்தாள்.

"எங்கம்மா அதுல ரெண்டும் நெஜம்னு எழுதிக்கீறாங்க. நீ பாதிய மட்டும் படிக்காத. ஒண்ணு முடிஞ்சுது, இன்னொண்ணு தையில. விசாவுல நாள் கீது. நீ வந்தா உன்கூட வர்றேன். வர்லன்னா பாஸ்போர்ட் பீரோவுல இருக்கட்டும்."

தினேஷ், "சரி, லீவு கேக்கறேன்" என்றான்.

கேட்டான். குறைவாகத்தான் கொடுத்தார்கள். தையில் வந்தான். மண்டபத்தில் தாலி ஏறும்போது கஸ்தூரியம்மா மேடையில் இல்லை, எங்கே என்று தேடினேன். பந்தி பக்கம் ஒரு தூண் ஓரம் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் இருவரும் ஒரே ஃபிளைட்டில் போனார்கள்.

அதற்குப் பிறகு நான் வேலையை விடும்வரை ஒரு பழக்கம் வைத்திருந்தேன். மனைவி விசாவுக்கு யார் வந்தாலும் சர்டிஃபிகேட்டை அப்புறம் கேட்பேன். முதலில் பெண்ணின் அம்மாவை உட்காரவைத்து, "உங்க கணக்குல கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்று கேட்பேன். பலர் உடனே தலையாட்டுவார்கள். சிலர் தயங்குவார்கள். தயங்கியவர் வீட்டு ஃபைலை அன்றைக்கு நான் திறந்ததில்லை. பெண்ணை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அந்த அம்மா எதற்குப் பயப்படுகிறார் என்று முதலில் கேட்டுக்கொள்வேன்.