அலறலுக்கு அடுத்த வரி

அவள் செத்துப் பிழைத்ததற்குக் கணக்கே இல்லை. மொட்டை மாடியிலிருந்து தள்ளிவிடப்பட்டிருக்கிறாள். ஆற்றில் மூழ்கியிருக்கிறாள். கட்டிய கணவனே கழுத்தை நெரித்திருக்கிறான். பெற்ற பிள்ளையின் உடல் மீது விழுந்து, பார்க்கிறவர்களின் குலை நடுங்க அழுதிருக்கிறாள். எல்லாம் செய்துவிட்டு, பிளாஸ்க்கிலிருந்து இரண்டு மடக்கு வெந்நீர் குடித்து, கழற்றி வைத்த வளையல்களைத் திரும்பப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பஸ் பிடிப்பாள்.

வேற்று மொழித் தொடர்களுக்கு நம் மொழியில் குரல் கொடுக்கும் டப்பிங் ஸ்டுடியோவில் அவளுக்கு வேலை. அங்கே எல்லாரும் அவளை 'அலறல் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் இருக்கிறது. ஒரு தடவை உண்மையாக வீறிட்டுக் கத்தினால், பேசுகிற தொண்டை இரண்டு நாள் எழுந்திருக்காது. அதனால் கதாநாயகிக்குக் குரல் கொடுப்பவர் வசனத்தை மட்டும் பேசிவிட்டு நகர்ந்துகொள்வார். அலறல் வருகிற இடத்தில் இவள் போய் நிற்பாள். ஆ, ஐயோ, அம்மா, ஒரு விம்மல், ஒரு மூச்சுத்திணறல். பிறகு இவளுடைய அலறலை அவருடைய வசனத்தோடு ஒட்டிவிடுவார்கள். இத்தனை காலத்தில் ஒரு முழு வாக்கியம் அவள் வாய்க்குக் கிடைத்ததில்லை.

வந்தது என்னவோ பேசத்தான். கல்யாணமான புதிதில், நெஞ்சு நிறைய ஆசையோடு, வாய்ஸ் டெஸ்ட்டுக்கு வந்து நின்றாள். மைக்குக்கு மேலே இருந்த சிவப்பு பல்பு எரிந்தது. 'பதிவாகிறது, ஜாக்கிரதை' என்று அதற்குப் பொருள். அவ்வளவுதான், தொண்டையை யாரோ பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனது போல ஆகிவிட்டது. திரையில் இருந்த பெண் பேசினாள், சிரித்தாள், போயும் விட்டாள். இவள் உதடு பிரியவில்லை. அவமானத்தில் திரும்பியவளின் முந்தானை மைக் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டு, ஸ்டாண்டு அப்படியே அவள் மேல் சாய்ந்தது. பயத்தில் ஒரு கத்து கத்தினாள் பாருங்கள்! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் நாற்காலியோடு பின்னால் போய்விட்டார்.

"இந்தப் பொண்ண விடாதீங்கப்பா. கத்துறதுக்கு ஆள் தேடிட்டு இருந்தோம்ல, கெடச்சாச்சு!"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு அவளுடைய ஆசை ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

உட்கார்ந்துகொண்டதே தவிர, செத்துப்போகவில்லை. வீட்டில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அன்றைக்குக் கேட்ட கதாநாயகி வசனம் முழுவதையும் வாளிக்கு முன்னால் நின்று பேசித் தீர்ப்பாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவள் கணவன் வெளியிலிருந்து குரல் கொடுப்பான்.

"இந்தாம்மா, குழாய்ல தண்ணி வருதா, வசனம் வருதா?"

நல்ல மனுஷன்தான். அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வான்: "என் பொண்டாட்டி வெளியில கத்திட்டு வந்துடுவா சார். வீட்டுல கத்த அவளுக்குத் தொண்டை இருக்காது. இந்தக் குடுப்பினை யாருக்கு வரும்?"

அப்படியே போயிருக்கும் அவள் வாழ்க்கை. அந்தப் புதிய தொடர் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

அதன் கதாநாயகிக்கு வழக்கம்போல 'தேன்குரல்' என்று பெயர் வாங்கியவர்தான் பேசுவதாக ஏற்பாடு. ஆனால் முதல் வாரம் அவர் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். மற்றவர்கள் காத்திருக்க முடியுமா? கதாநாயகி பேசினால்தானே அவர்கள் பதில் பேச முடியும்? இந்த மாதிரி நேரத்தில் யாரையாவது வைத்து ஒரு தற்காலிகக் குரலைப் பதிவு செய்துகொள்வார்கள். 'கைடு' என்று அதற்குப் பெயர். உரியவர் வந்து பேசியதும் கைடை அழித்துவிடுவார்கள்.

"அக்கா, நீங்க கொஞ்சம் கைடு குடுத்துடுங்களேன்" என்றான் சவுண்ட் இன்ஜினியர். அவளை விட மிகவும் சின்னவன். எப்போதும் அவசரத்தில் இருப்பவன். "சும்மா படிச்சா போதும். அழிக்கப்போற சமாச்சாரம்தானே, பல்பு கூடப் போடல."

பல்பு கூடப் போடல. அந்த வார்த்தையை அவள் காது கேட்டதா, தொண்டை கேட்டதா, தெரியாது. கதவு பாதி திறந்திருந்தது. யாரோ மூலையில் செய்தித்தாள் மடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் பாட்டுக்குப் பேசினாள், வாளிக்கு முன்னால் பேசுகிற மாதிரி.

முதல் நாள் பகுதியின் கடைசிக் காட்சி வந்தது. இறந்துவிட்டதாக ஊரே சொன்ன தங்கை, வாசலில் வந்து நிற்கிறாள். அக்காவான கதாநாயகி கதவைத் திறந்து வீறிட்டு அலறுகிறாள். அலறிய அதே மூச்சில் கேட்கிறாள்: "செத்துட்டேன்னு சொன்னாங்களேடி... இத்தனை வருஷமா நான் யாருக்காகடி அழுதேன்?"

கைடுதானே என்று அலறலையும் வசனத்தையும் அவள் தனித்தனியாகப் பிரிக்கவில்லை. ஒரே ஓட்டமாகப் பேசி முடித்துவிட்டுப் பிளாஸ்க்கைத் திறந்தாள். இன்ஜினியர் அடுத்த காட்சியைத் தேடிக்கொண்டிருந்தான். பிறகு தேன்குரல் ஊரிலிருந்து வந்தார், பேசினார், போனார். அதோடு அந்த விஷயம் முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

தொடர் ஒளிபரப்பாகிற முதல் நாள் மாலை. அவள் அடுப்படியில் இருந்தாள். கூடத்தில் மாமியார். அந்த அம்மாளுக்குப் பார்வை மங்கல். டிவியைப் பார்ப்பதில்லை, கேட்பார். "ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுறான் என் பிள்ளை, பெத்தவளுக்கு மட்டும் எல்லாம் புகைமூட்டம்" என்று ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

தங்கை வாசலில் வந்து நின்றாள். அலறல் கேட்டது. அது தன்னுடையது என்பதால் அவள் திரும்பவில்லை. கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமா நான் யாருக்காகடி அழுதேன்?"

கையிலிருந்த பாத்திரம் நழுவி உருண்டு கூடம் வரைக்கும் போனது.

ஐயோ! அது யாருடைய குரல்? எப்படி அங்கே போனது? கூடத்துக்கு ஓடி வந்தாள். திரையில் யாரோ ஒரு அழகி, பட்டுப் போன்ற கூந்தலும் கண்ணீருமாக நிற்கிறாள். அவள் வாயிலிருந்து இவள் வந்துகொண்டிருந்தாள். தன் குரலை முதல் முறையாகக் கேட்பவள் போல அவளுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. இது பயந்தாங்கொள்ளியின் குரல் இல்லையே! யாருக்கும் அஞ்சாமல், ஊரையே நிறுத்தி நியாயம் கேட்கிற குரலாக இருக்கிறதே! இவளா நான்? இத்தனை நாள் எனக்குள்ளேயா குடியிருந்தாள்?

"ஏம்மா," என்றார் மாமியார், முகத்தை டிவி பக்கமே வைத்துக்கொண்டு. "இந்தப் பொண்ணு உன்ன மாதிரியே பேசுறாளே?"

அவள் குனிந்து, உருண்டு வந்த பாத்திரத்தை எடுத்தாள்.

"எல்லா நாடகத்துலயும் அழுறவ ஒருத்தி, பேசுறவ ஒருத்தின்னு எனக்குத் தோணிக்கிட்டே இருக்கும். வயசாயிட்டதால காது கோளாறுன்னு நெனச்சேன். இன்னிக்குத்தான் ரெண்டும் ஒருத்தியா இருந்துச்சு. நானும் அவகூட அழுதுட்டேன் போ."

கணவன் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றிருந்தான். "இது... நீயா?"

"ஆமாங்க."

"பாத்ரூம்ல கேட்டப்ப இப்படி இல்லையே?"

"குழாய் ஓடிச்சுல்ல."

அதற்குள் போன் அடித்தது. இன்ஜினியர். "அக்கா, தொலைஞ்சேன். எல்லாத்தையும் சேர்த்துட்டு இருந்தப்ப நடுவுல கரண்ட் போச்சு, திரும்பத் திறந்தப்ப கடைசி சீன்ல ட்ராக்கை மாத்தி அமுக்கிட்டேன். கைடை ஓட விட்டு, ஒரிஜினலை ஊமையாக்கிட்டேன். தேன்குரல் அக்கா போன்ல என்னைப் பெத்தவங்க வரைக்கும் விசாரிச்சுட்டாங்க. காலையில எல்லாரையும் வரச்சொல்லியிருக்கார் டைரக்டர் சார்."

அவள் சொன்னதைக் கேட்டதும் கணவன் பதறினான். "நாளைக்குப் போனதும் மன்னிப்புக் கேட்டுடு. உன்மேல தப்பு இல்லன்னாலும் கேட்டுடு. இத்தனை வருஷ வேலை, ஒரு வசனத்துல போயிடக் கூடாது பாரு."

அவள் தலையாட்டினாள். அப்போது அவள் எண்ணமும் அதுதான்.

காலையில் ஸ்டுடியோ வாசலிலேயே தேன்குரலின் சத்தம் கேட்டது. தேன் ஒரு சொட்டும் இல்லை அதில்.

"நான் பேசினதைத் தூக்கிப் போட்டுட்டு, கத்துற பொம்பளைய ஓட்டியிருக்கீங்க! என் தொழில்ல மண்ணப் போட்டுட்டீங்களே!"

"தப்பு நடந்துபோச்சும்மா" என்று கும்பிட்டார் டப்பிங் டைரக்டர். "மத்தியானம் மறுஒளிபரப்பு இருக்கு. அதுக்குள்ள உங்க குரலை வச்சு அனுப்பிடுறோம். ஒரு பட்டன்தான். கைடை அழிச்சுட்டா முடிஞ்சுது. எப்படியும் அது உதவாது. பின்னாடி பேப்பர் மடிக்கிற சத்தமெல்லாம் கேட்குது."

இன்ஜினியரின் விரல் பட்டனுக்குப் போனது.

ஒரே அமுக்கு. நேற்று மாலை அவள் கண்டுபிடித்த அந்தப் பெண், திரும்பி வந்த வேகத்தில் மறுபடியும் செத்துப்போவாள். பிறகு மிஞ்சுவது ஆ, ஐயோ, அம்மா. மன்னிப்புக் கேட்கத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"அழிக்காதீங்க."

எல்லாரும் திரும்பினார்கள். எல்லாரையும் விட அவள்தான் அதிகம் அதிர்ந்துபோனாள். இதைச் சொன்னது யார்?

"சார்... நானே திரும்பப் பேசுறேன். ஒழுங்கா, கதவ மூடிட்டு. ஒரு வாய்ப்பு குடுங்க சார்."

"அடி ஆத்தாடி!" என்றார் தேன்குரல். "பல்பைப் பார்த்தா வாய் கட்டிக்கும்னு ஊருக்கே தெரியும். நீ பேசப்போறியா?"

டைரக்டர் இரண்டு ட்ராக்கையும் அடுத்தடுத்துப் போடச் சொன்னார். முதலில் தேன்குரல். பிசிறில்லை, குறையில்லை, இனிமை. ஆனால் அலறலுக்கும் வசனத்துக்கும் நடுவே, ஒட்டுத் துணி போட்ட இடம் போல ஒரு தையல் தெரிந்தது. அடுத்து கைடு. அறையில் யாரும் அசையவில்லை. தேன்குரலும்தான்.

"பல்பைப் போட்டுத்தான் எடுப்பேன்" என்றார் டைரக்டர். "வரலன்னா அவங்க குரல் போகும். அதுக்கப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. சம்மதமா?"

வளையலைக் கழற்றினாள். செருப்பை வெளியே விட்டாள். கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லா முகங்களும் அவளையே பார்த்தன. பல்பு எரிந்தது.

பூட்டிக்கொண்டது. அதே பூட்டு, அதே கணம். திரையில் அந்த அக்காவின் உதடுகள் அசைந்து முடிந்தன. இவளிடமிருந்து மூச்சுச் சத்தம் கூட வரவில்லை. மறுபடியும் ஓட்டினார்கள். மறுபடியும் ஊமை. கண்ணாடிக்குப் பின்னால் தேன்குரல் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டுவது தெரிந்தது. ஹெட்போனில் டைரக்டரின் குரல், கோபம் இல்லாமல், பரிதாபத்தோடு வந்தது. "போதும்மா. விடுங்க. கஷ்டப்படுத்திக்காதீங்க."

அந்தப் பரிதாபம் அவளைச் சாட்டையால் அடித்தது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். படத்தை எங்கிருந்து ஓட்டுகிறார்கள்? அலறல் முடிந்த பிறகு, வசனத்திலிருந்து. எப்போதும் அப்படித்தான். அலறல் ஏற்கெனவே இருக்கிறதே! கதவைத் திறந்து அதிர்ந்தவளை விட்டுவிட்டு, அடுத்த வரியை மட்டும் பேசச் சொன்னால் எங்கிருந்து வரும்? இந்தப் பல்புக்குக் கீழே, இத்தனை வருஷமாக, அவள் தொண்டை ஒரு நாளும் தயங்காத காரியம் ஒன்று உண்டே!

"தம்பி," என்றாள் மைக்கில். "இன்னும் பின்னாடி போங்க. அலறல்லேருந்து ஓட்டுங்க."

"அலறல்தான் இருக்கேக்கா?"

"இருக்கட்டும். நீங்க ஓட்டுங்க."

கதவு திறந்தது. வாசலில் தங்கை. பல்பு எரிந்தது, எரியட்டும். அவள் அலறினாள். பழகிய அலறல், ஆனால் இந்த முறை அது முடியவில்லை. அந்த அலறலின் வாலைப் பிடித்துக்கொண்டே சொற்கள் வெளியே வந்து விழுந்தன.

"செத்துட்டேன்னு சொன்னாங்களேடி... இத்தனை வருஷமா நான் யாருக்காகடி அழுதேன்?"

பல்பு அணைந்தது. அவள் கன்னம் நனைந்திருந்தது. அதை எந்த மைக்கும் பதிவு செய்யாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தான். டைரக்டர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்," என்றான் இன்ஜினியர் மெதுவாக. "எந்த ட்ராக்கை அனுப்ப?"

"கேட்குற கேள்வியப் பாரு" என்றார் டைரக்டர். "இதையே அனுப்பு. இந்தத் தடவையாவது பார்த்து அமுக்கு."

கதவைத் திறந்து வெளியே வந்தாள். எதிரே தேன்குரல், தோளில் மாட்டிய பையோடு. முகத்தில் கோபம் இல்லை, திகைப்பு மட்டும். எத்தனை கதாநாயகிகளை இந்த இருவரும் சேர்ந்து பேசவும் அழவும் வைத்திருக்கிறார்கள்! ஒரு தடவை கூட எதிரெதிரே இப்படி நின்றதில்லை.

"ஏய், அலறல்," என்றார் தேன்குரல் கடைசியில். "இனிமே எனக்கு யாருடி கத்துவா?"

அவள் வளையல்களை ஒவ்வொன்றாகக் கையில் ஏற்றிக்கொண்டாள்.

"கூப்பிடுங்கக்கா, நானே வந்து கத்துறேன்" என்றாள். "ஆனா நான் கத்தினா, அடுத்த வரியையும் நான்தான் பேசுவேன்."